செம்மேட்டில் குதிக்க ஒரு பர்மிட்

கல்லை ஐந்தாவது தடவையாகத் தண்ணீருக்குள் இறக்கினார் சித்தீக். முதல் நான்கு தடவையும் பதின்மூன்று அடிதான் வந்தது. ஐந்தாவது தடவையும் அதுதான் வரும் என்று தெப்பத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிரகதீஸ்வரிக்குத் தெரியும். கரையில் குதிக்கக் காத்திருந்த முப்பது பேருக்கும் தெரியும். ஏரியில் முங்கி முங்கி எழுந்த நீர்க்காகத்துக்கும் தெரிந்திருக்கக்கூடும். கல் தரையைத் தொட்டது. கயிறு தளர்ந்தது. நீர்மட்டத்தில் கயிற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து மேலே இழுத்து, அடிக்கு ஒன்றாகப் போட்டிருந்த முடிச்சுகளை வாய்விட்டு எண்ணினார்.

“பதிமூணு,” என்று அறிவித்தார், முதல் தடவையாகக் கண்டுபிடித்தவர் போல.

“எழுதிட்டேன் பாய்,” என்றார் பிரகதீஸ்வரி. நான்காவது தடவையின்போதே ஐந்தாவதையும் சேர்த்து எழுதிவிட்டிருந்தார்.

நெல் விளையும் இந்தச் சீமையில் உயரம் என்பது கிடைக்காத சரக்கு. பாலம், மதகு, பம்பு செட் கூரை, கோயில் கோபுரம், அவ்வளவுதான். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கிளை ஒன்று வந்து நிறைக்கும் பெரியநாச்சி ஏரியின் வடகரையில் மட்டும் பூமி கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறது. முன்பு செம்புறாங்கல் வெட்டி எடுத்த இடம் அது. வெட்டாமல் விட்ட பாறை பதினெட்டு அடிக்குச் செங்குத்தாக நிற்கிறது. வெட்டிய பள்ளம் அதன் காலடியில் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஊரார் அதைச் செம்மேடு என்கிறார்கள். மலைநாட்டுக்காரர் யாராவது பார்த்தால் சிரிப்பார். இங்கே உள்ளவர்களுக்கு அது மலை. மலை என்று ஒன்று இருந்தால், அதன் மேல் ஏறிக் குதிக்க ஆள் இல்லாமல் போகுமா?

அந்தக் குதிக்கு அனுமதி தருபவர்தான் சித்தீக். வயது ஐம்பத்து மூன்று. மேலே ஒளிரும் பட்டை தைத்த ஆரஞ்சு ஜாக்கெட், கீழே கட்டம் போட்ட கைலி, தலையில் வெள்ளை ஹெல்மெட். ஏரி நடுவே தலையில் விழக்கூடியது வானம் ஒன்றுதான் என்று பலரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். “இன்னைக்கி வானம் விழாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க, கழட்டிர்றேன்,” என்பது அவருடைய நிரந்தரப் பதில்.

குவைத்தில் சாரம் கட்டும் வேலைக்குப் போனவர். கட்டிய சாரத்தை விட, அதில் தப்பு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று மேலாளருக்குத் தெரிந்ததும், கையில் ஒரு அட்டையையும் பேனாவையும் கொடுத்துப் பாதுகாப்பு ஆளாக்கிவிட்டார்கள். பதினெட்டு வருடம் அந்த அட்டையோடு இருந்தார். திரும்பி வந்து மதுக்கூர் சாலையில் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடுகிறார். இரும்புக் குழாய், பலகை, ஜாக்கி எல்லாம் வரிசையாக, மஞ்சள் கோட்டுக்குள் அடுக்கியிருக்கும். கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் கண்டால் அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிய பிறகுதான் டீ குடிப்பார்.

கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. “விபத்தில்லா நாட்கள்” என்று பெயின்டில் எழுதி, பக்கத்தில் சாக்பீஸால் எண். அவர் வீடு கடைக்குப் பின்கட்டில் இருப்பதால் அதுவும் பணியிடத்தில் சேர்த்தி. இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் அவர் மனைவி ஜன்னத் பீவி.

“முருங்கக்கா நறுக்கறப்ப வெரல்ல கோடு மாதிரி ஒரு கீறல் பட்டுச்சு. அதுக்குப் போயி ஆயிரத்து நூறு நாள அழிச்சிட்டு பூஜ்யம்னு எழுதிட்டாங்க. தெருவே தெரண்டு வந்து யாருக்கு என்னாச்சு, யாருக்கு என்னாச்சுன்னு கேக்குது. நா என்னான்னு சொல்றது? முருங்கக்கான்னா?” என்று கேட்கிறார் ஜன்னத் பீவி. அதற்குப் பிறகு எந்தக் காயத்தையும் கணவரிடம் காட்டுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். பலகையில் எண் இப்போது நன்றாக ஏறிக்கொண்டிருக்கிறது.

செம்மேட்டுப் பொறுப்பு அவராகப் போய் வாங்கிக்கொண்டது. மூன்று வருடங்களுக்கு முன் வெளியூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் தலைகீழாகப் பாய்ந்து, தண்ணீருக்குள் கிடந்த பனங்கட்டையில் மோதித் தோளை முறித்துக்கொண்டார். மறுநாளே ஊர் கூடி, செம்மேட்டைக் கருவேல முள் போட்டு அடைப்பது என்று முடிவானது. முள்ளும் வெட்டி வந்தாயிற்று. அப்போது கூட்டத்தின் நடுவே எழுந்தவர் சித்தீக். அதற்கு முன் அவர் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தது, நாற்காலி ஒன்றின் கால் ஆடுகிறது என்று சொல்வதற்காகத்தான்.

“முள்ளப் போட்டா குதிக்கிறவன் நிறுத்த மாட்டான். ராவோட ராவா மதகுல போயிக் குதிப்பான். அங்க சுழல் இருக்கு. குதிக்கிறவன் குதிக்கட்டும், அளந்துட்டுக் குதிக்கட்டும். நா அளக்குறேன்.”

ஊர் யோசித்தது. ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் மாதம் ஒரு ஞாயிறு. பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை. யாருக்காவது ஒரு துளி ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே முள் ஏறும்; அப்புறம் செம்மேடு என்ற பேச்சே கிடையாது. எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் வெட்டிய முள் இன்னும் கரையோரம் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. அடுப்புக்குக்கூட அதில் ஒரு குச்சியை யாரும் எடுப்பதில்லை.

சித்தீக்கின் குதிக்கும் பருவம் வைகாசியிலேயே தொடங்கிவிடும். ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது, குடையைப் பிடித்துக்கொண்டு செம்மேட்டின் கீழே பள்ளத்துக்குள் இறங்கி நடப்பார். பாட்டில் ஓடு, கருவேல வேர், அறுந்த வலை, யாரோ தூக்கிப் போட்ட கிரைண்டர் கல் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போடுவார். பிறகு டேப்பைப் பிடித்துப் பள்ளத்தை அளந்து கட்டம் போட்ட தாளில் படம் வரைவார். பாறை விளிம்பில் வெள்ளைப் பெயின்டால் ஒன்று முதல் ஐந்து வரை குறி போடுவார். அந்த வழியாகப் போகும் ஆடு மேய்க்கிறவர்கள் முதல் வருடம், “பாய்க்கு என்னமோ தொலஞ்சு போச்சு” என்று சேர்ந்து தேடினார்கள். இப்போது, “பாய் குதிக்கிறாரு, ஒதுங்கு” என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.

ஆழத்துக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. “எவ்வளவு ஒசரமோ அதுல பாதி. அதுக்கு மேல ஒரு ஆளு முழுசா முங்குற ஆழம். அதுக்குக் கொறஞ்சா எறங்கி நடந்து போ.” மூன்றாம் குறிதான் செம்மேட்டின் உச்சி. பதினெட்டு அடி. அவர் கணக்குப்படி அங்கே கீழே பதினைந்து அடி தண்ணீர் வேண்டும்.

அப்புறம் பர்மிட். டிடிபி கடையில் அடித்த ஒரு பக்கப் படிவம். பெயர், வயது, ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண், “நான் என் சொந்தப் புத்தியோடு குதிக்கிறேன்” என்ற உறுதிமொழி. “சொந்தப் புத்தி இருந்தா ஏன்டா குதிக்கிறோம்?” என்று கேட்டவர்கள் உண்டு. கையெழுத்து வாங்கிய பிறகு சித்தீக் ஒவ்வொருவருடைய முகத்துக்கு அருகிலும் போய் “ஊதுங்க” என்பார். ஏலக்காய் மென்றுகொண்டு வருகிறவர்களுக்கு முதல் வேலையாகத் தள்ளுபடி. “நல்லவன் எதுக்கு ஏலக்கா திங்கிறான்?”

படிவத்தில் கடைசிக் கேள்விதான் பிரசித்தம்: கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எப்போது? இதற்கு அவரிடம் மனப்பாடமாக ஒரு பட்டியல் இருக்கிறது. இட்லி என்றால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பூரி இரண்டு. பரோட்டா மூன்று.

“பிரியாணி பாய்?”

“அடுத்த மாசம் வாங்க.”

ஓசைக்கும் ஒரு கதை இருக்கிறது. முதலில் விசில் வைத்திருந்தார்: ஒன்று ஊதினால் குதி, இரண்டு ஊதினால் நில், மூன்று ஊதினால் எல்லாரும் தண்ணீரை விட்டு வெளியே. கரை மேல் போகும் மினி பஸ்ஸின் கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசில் அடித்ததில், பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் பாய் அனுமதி தந்ததாக எண்ணித் தண்ணீரில் விழுந்தார். பிறகு ரப்பர் ஹாரன் வாங்கினார். ஐஸ் வண்டிக்காரரும் அதையே வைத்திருந்தார். இப்போது வேப்பங்கிளையில் சாரக் குழாய் ஒன்றைத் தொங்கவிட்டு ஸ்பேனரால் அடிக்கிறார். அந்தச் சத்தத்துக்கு இந்த வட்டாரத்தில் போட்டி இல்லை.

தண்ணீரில் எப்போதும் தெப்பம் ஒன்று நிற்கும். ஆறு நீலப் பீப்பாய்கள், மேலே சாரப் பலகை, சுற்றிலும் லாரி டியூப்கள். அதில் இருப்பவர் அரசுப் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியை பிரகதீஸ்வரி. இந்த ஏரியை நின்ற நீச்சலிலேயே கடக்கக்கூடியவர். “நா தெப்பத்துல இருக்குறது குதிக்கிறவங்களுக்காக இல்ல. பாய் கயித்த எறக்குற வேகத்துல அவரே உள்ள விழுந்துட்டா என்ன செய்யிறது?” என்பது அவர் விளக்கம்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. சித்தீக் இதுவரை ஒரு தடவைகூடச் செம்மேட்டிலிருந்து குதித்ததில்லை. ஏன் என்று கேட்டால் முகம் மாறாமல் பதில் வரும்: “பர்மிட் போடுறவன் வேல செய்யக் கூடாதுங்க. அது ரூல்ஸ்.”

வேறு எந்தக் கேள்வியும் அவரை இவ்வளவு சுருக்கமாக்குவதில்லை, ஒன்றைத் தவிர: ஏன் இவ்வளவு பயம்? குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்த ஒருவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டிய வேலை ஒருமுறை அவர் தலையில் விழுந்தது. ஆந்திரப் பக்கத்து வீடு. இவருக்குத் தெலுங்கு தெரியாது. எடுத்த பெண்ணுக்கு வேறு மொழி தெரியாது. இந்த அளவு சொல்வார். பிறகு, சுருட்டியே இருக்கும் கயிற்றைப் பிரித்து மறுபடி சுருட்ட ஆரம்பித்துவிடுவார்.

இவ்வளவு பாதுகாப்பையும் ஆதியிலிருந்து கேலி செய்து வருபவர் தியாகேசன். சித்தீக்கோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஏரிப் பாசனத்தில் பதினைந்து மா நிலம் வைத்து நெல் போடுகிறார். ஏரி நிரம்பியதும் செம்மேட்டின் உச்சியிலிருந்து விழும் முதல் குதி அவருடையது. முப்பது வருடமாக அப்படித்தான். பர்மிட்டில் “ரத்த வகை” என்ற இடத்தில் “சிவப்பு” என்று எழுதுபவர். “நீ என்ன என்னைப் பெத்தவனாடா? இவ்வளவு அக்கறை எங்கப்பனுக்கே கெடையாது,” என்று சித்தீக்கிடம் சொல்லிக்கொண்டே கையெழுத்தும் போட்டுவிடுவார். சித்தீக் அவருடைய தாளை மட்டும் தனியாக எடுத்து, “சிவப்பு” என்பதை அடித்துவிட்டு “ஓ பாசிடிவ்” என்று எழுதி வைப்பார்.

இந்தப் பருவத்தின் முதல் ஞாயிறு புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய வாரம் வந்தது. ஏரி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. காலை எட்டு மணிக்கே முப்பது பர்மிட். கரையில் வேடிக்கை பார்க்க நூறு பேருக்கு மேல். பஜ்ஜிக்காரர் ஒருவர் எண்ணெய்ச் சட்டியை ஏற்றிவிட்டார். முதல் குறியில் பதின்மூன்று வந்ததைப் பார்த்தோம். இரண்டாம் குறியில் பதினான்கு, ஐந்து தடவையும். தெப்பம் நகர்ந்து மூன்றாம் குறிக்கு வந்தது. நேர் மேலே, உச்சியில், தியாகேசன் அரை டவுசரும் இடுப்பில் இறுக்கிய துண்டுமாக நின்று தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கல் இறங்கியது. கயிறு சீக்கிரமே தளர்ந்தது.

சித்தீக் எண்ணினார். வாய்விட்டு எண்ணவில்லை. மறுபடி இறக்கினார். மறுபடி.

“எவ்வளவு பாய்?” என்று பேனாவோடு காத்திருந்தார் பிரகதீஸ்வரி.

“எட்டு.”

“பதினெட்டா?”

“எட்டு டீச்சர்.”

கட்டம் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார். வைகாசியில் அவர் காலால் நடந்து வரைந்த படத்தில் அந்த இடம் பதினைந்து அடிப் பள்ளம்.

“என்னடா மாப்ள, தண்ணி பத்தலையா? நா வேணா மேலேருந்து ரெண்டு கொடம் ஊத்தவா?” என்று உச்சியிலிருந்து குரல் வந்தது. கரை சிரித்தது.

சித்தீக் தெப்பத்தை ஒரு கை தள்ளிப் பக்கத்தில் இறக்கினார். எட்டு. இன்னும் தள்ளி. எட்டு. அதற்கும் தள்ளி. பதினைந்து. பிரகதீஸ்வரி அட்டையை வைத்துவிட்டு முங்கினார். வெளியே வரும்போது கை நிறைய மண் இருந்தது. ஏரியின் கறுப்பு வண்டல் இல்லை, சிவப்பு.

“கிராவல் பாய். யாரோ கொண்டாந்து கொட்டி மெத்தியிருக்காங்க, கெழக்க பாத்து ஏறிக்கிட்டே போவுது. சிமென்ட் தரை மாதிரி கெடக்குது.”

சித்தீக் கரைக்கு வந்து ஸ்பேனரை எடுத்தார். குழாய் மூன்று தடவை அதிர்ந்தது. கூட்டம் ஊளையிட்டது. திருச்சியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஐந்து பேர், “பெட்ரோல் போட்டு வந்துருக்கோம் பாய்” என்று முறையிட்டார்கள். யாரோ ஒருவர் கரையோர முள்கட்டைக் காட்டி, “பேசாம அதை எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க” என்றார்.

சித்தீக் மேலே பார்த்தார்.

“எறங்கு தியாகு.”

“எறங்கத்தானடா நிக்கிறேன். நீ தெப்பத்த ஒதுக்கு.”

“நடந்து எறங்கு.”

“டேய், முப்பது வருசமா இதே எடம்டா. ஏரிக்குள்ள ராத்திரியோட ராத்திரியா மலையா மொளச்சிருச்சு?”

“மலை இல்ல. சரிவு,” என்றார் சித்தீக். அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் அறிக்கை படிப்பது போலச் சொன்னார். “ஒம்பதடி அகலம். நீ நிக்கிற எடத்துக்கு நேர் கீழ வழியாப் போயி கெழக்க பாத்து ஏறுது. நா வைகாசில பாத்தப்ப இல்ல. அதுக்கப்பறம், தண்ணி வர்றதுக்கு முன்னாடி போட்டது.”

“ஒம்பதடின்னா டிரெய்லர் ஏறுற அகலமாச்சே,” என்றார் பஜ்ஜிக்காரர், கரண்டியோடு.

சுழன்றுகொண்டிருந்த தியாகேசனின் தோள் நின்றது. கீழே தண்ணீரைப் பார்த்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்தார். பாறை விளிம்பை விட்டு இரண்டடி பின்னால் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோடையில் ஏரி வண்டலை வயலுக்கு அள்ளிக்கொள்ள விவசாயிகளுக்கு அனுமதி உண்டு. செம்மேட்டுப் பள்ளத்தில் சேரும் வண்டல்தான் இருப்பதிலேயே கொழுத்தது. கால்வாயில் தண்ணீர் விட்டாயிற்று என்ற செய்தி வந்த நாளில் தியாகேசனுக்கு இன்னும் பதினைந்து நடை பாக்கி. மண் ஏற்றிய டிரெய்லர் பள்ளத்திலிருந்து மேலே ஏற மறுத்தது. பக்கத்திலிருந்து கிராவலைக் கொண்டுவந்து கொட்டி, டிராக்டரை விட்டு மிதித்துச் சரிவு போட்டார். வண்டல் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. சரிவைக் கலைக்க வேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்குள் நாற்றங்கால் வேலை வந்துவிட்டது. தண்ணீரும் வந்துவிட்டது.

இதையெல்லாம் அவர் கீழே இறங்கி வந்து, தலையைத் துண்டால் தேவையில்லாமல் துவட்டிக்கொண்டே சொன்னார்.

“சுத்தமா மறந்துட்டேன்டா.”

“செம்மேட்டுக்கு நேர் கீழயாடா போடுவ? வருசா வருசம் குதிக்கிறவன்!”

“டிராக்டர்ல ஒக்காந்துருக்கறப்ப அது பள்ளம்டா. வண்டல் இருக்குற பள்ளம். தண்ணி இருந்தாத்தான அது குதிக்கிற எடம்? ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தோணவே இல்ல.”

அதைக் கேட்டுக் கரையில் இருந்த விவசாயிகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அது அப்படித்தான். சிரித்தவர்கள் திருச்சிக்காரர்கள் மட்டும்தான். “அண்ணே, ஒங்க சொந்தச் செலவுல ஒங்களுக்கே மேடை கட்டி வச்சிருக்கீங்க” என்றார் அவர்களில் ஒருவர். தியாகேசனும் சிரிக்க முயன்றார். வரவில்லை.

சித்தீக் பிரகதீஸ்வரியிடம் வேறொரு படிவத்தை நீட்டினார். விபத்து நடக்காமல் தப்பியதற்கென்று தனியாக அடித்து வைத்திருக்கும் படிவம். மூன்று வருடத்தில் அது எழுதப்படுவது இதுதான் முதல் முறை.

“காரணம்னு கேக்குது பாய். யாரு பேரு போடட்டும்?”

“வண்டல்னு போடுங்க டீச்சர்.”

முதல் குறிக்கு மாறுவது என்று அறிவித்தார். அங்கே பாறை பதினோரு அடிதான். “இதுல எங்க வீட்டு ஆடே குதிக்குமே!” என்று சலித்துக்கொண்டார்கள். வழக்கமாக இந்தச் சலிப்பைத் தலைமை தாங்கி நடத்துகிற தியாகேசன் தனியாகப் போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் அளந்தது பதின்மூன்று என்று தாளிலேயே இருந்தாலும், சித்தீக் அதை நம்பவில்லை. ஒரு சரிவு இருந்தால் இன்னொன்று இருக்கலாம். முதல் குறியைச் சுற்றி இருபதடிக்கு இருபதடி, அடிக்கு ஒரு தடவை கல்லை இறக்கினார். பிரகதீஸ்வரியை முங்கச் சொல்லி, தரையைக் காலால் துழாவச் சொன்னார். இரண்டரை மணி நேரம் ஆனது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் கரையில் நடந்ததைத்தான் யாரும் திட்டமிடவில்லை. பசித்தது. பஜ்ஜிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. சித்தீக் பர்மிட் அட்டையோடு வரிசைக்குத் திரும்பி வந்தபோது வரிசை முழுக்க எண்ணெய் வாசம்.

“என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணே ஒண்ணுதான் பாய்.”

“ஒண்ணுன்னா?”

“மொளகா பஜ்ஜி.”

“மூணு மணி நேரம். நீங்க?”

“வாழக்கா.”

“அதுவும் மூணு. தள்ளுங்க. நீங்க?”

“எலுமிச்ச சோறு, ரெண்டு வெங்காய பஜ்ஜி. ஆனா வெறும் டேஸ்ட்டுக்குத்தான் பாய்.”

ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். திருச்சிக்காரர்கள் ஐந்து பேரும் அடிபட்டார்கள். முப்பது பர்மிட்டில் இருபத்தொன்பது போயிற்று. வரிசைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றார் சித்தீக்.

“நீ?”

“தண்ணிகூடக் குடிக்கலடா,” என்றார் தியாகேசன்.

“அப்ப நீதான். ஏறு.”

தியாகேசன் எழுந்திருக்கவில்லை. “இன்னைக்கி வேணாம்டா. சாயங்காலம் வேற யாராச்சும் மொதல்ல குதிக்கட்டும். எனக்குக் காலு ஒரு மாதிரியா இருக்கு.”

“காலுக்கு என்ன? வலியா?”

“வலியெல்லாம் இல்ல. அந்த எட்டடி கண்ணுக்குள்ளயே நிக்கிது. நீ மட்டும் அளக்காம விட்டுருந்தீன்னா…”

சித்தீக் அட்டையை அவர் மூக்குக்கு நேரே பிடித்தார். “பர்மிட் ஒம் பேர்ல இருக்கு. எடம் அளந்தாச்சு. இன்னைக்கி நீ குதிக்கலன்னா இந்த ஊர்ல இனிமே எவனும் குதிக்க மாட்டான். அந்த முள்ளுக்கு வேல வந்துரும். எந்திரி.”

முப்பது வருடமாகக் குதிக்கிறவர் தயங்க, ஒருநாளும் குதிக்காதவர் விரட்ட, இருவருமாகப் பாறை மேல் ஏறினார்கள். முதல் குறியில் வெள்ளை வட்டத்துக்குள் தியாகேசனை நிற்க வைத்துவிட்டு சித்தீக் மறுபடி கீழே தெப்பத்துக்குப் போனார். மேலிருந்து மெல்லிய குரல் வந்தது. அந்தக் குரலில் தியாகேசன் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

“எத்தன தடவ அளந்தடா?”

“இங்க மட்டும் பத்து.”

தியாகேசன் கீழே எட்டிப் பார்த்தார்.

“இன்னொரு தடவ அள.”

கரை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிரகதீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு ஏரியின் அக்கரையைப் பார்த்தார். சித்தீக்கின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கல்லை எடுத்தார், இறக்கினார், கயிற்றைப் பிடித்தார். மேலே நிற்பவருக்குக் கேட்கும்படி ஒவ்வொரு முடிச்சாகச் சத்தம் போட்டு எண்ணினார். பதின்மூன்று வரை.

தெப்பம் ஒதுங்கியது. குழாய் ஒரு தடவை ஒலித்தது. தியாகேசன் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டார். கால்களைச் சேர்த்தார். “காலு முதல்ல” என்று மூன்று வருடமாக அவர் கேட்டுக் கேலி செய்த விதியை அப்படியே கடைப்பிடித்து, ஒரு மூட்டை மாதிரி நேராக விழுந்தார். தண்ணீர் பிளந்து மூடியது. வட்டங்கள் விரிந்து கரையைத் தொட்டன. பிறகு தெப்பத்துக்கு நாலு முழம் தள்ளி நரைத்த தலை மேலே வந்தது. கரை ஆரவாரித்தது. பஜ்ஜிக்காரர் கரண்டியால் சட்டியைத் தட்டினார்.

தியாகேசன் கரையேறி மூக்கைச் சிந்திவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தீக் பேச விடவில்லை. ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். முகவாயைத் தூக்கிப் பார்த்தார். பின்கழுத்தில் மூன்று விரலை வைத்து, எலும்பு எலும்பாக அழுத்திக்கொண்டே கீழே வந்தார்.

“வலிக்குதா?”

“இல்லடா.”

“இங்க?”

“இல்லங்குறேன்ல, விடுடா.”

“மத்தவங்கல்லாம் மூணு மணிக்கு மேல வாங்க!” என்று சித்தீக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். “பஜ்ஜி இதோட நிறுத்திக்கணும்!”

அந்த ஈரக் கழுத்திலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.